கீபோர்டில் ஹார்மனி: இடைவெளி எண்ணுவதில் தொடங்கி ஒரு மெட்டுக்குக் கார்ட் போடும் வரை

கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். சி மேஜர் என்றதும் மூன்று விரல் வைப்பார்கள். எஃப் மேஜர் வந்தால் கையை அப்படியே தூக்கி மூன்று வெள்ளைக் கட்டை தள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு கார்டும் தனித்தனியாகச் சரி. ஆனால் சேர்த்து வாசித்தால் பாட்டு குண்டும் குழியுமான ரோட்டில் போகிற பஸ் மாதிரி தூக்கிப் போடும். எந்த மூன்று சுரம் என்பது ஹார்மனியில் பாதிக் கணக்கு. அந்த மூன்றும் அடுத்த கார்டுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கின்றன என்பது மீதிப் பாதி. இந்த வழிகாட்டியில் இரண்டாவது பாதிக்குத்தான் அதிக இடம்.

உட்காரும் முன்

61 கட்டை உள்ள சாதாரண கீபோர்ட் போதும். பியானோ ஒலியை வையுங்கள். ஆட்டோ அக்கம்பனிமென்ட், ஸ்டைல், ஒற்றை விரல் கார்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை எந்தச் சுரம் எங்கே ஒலிக்கிறது என்பதை மறைத்துவிடும். டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான்) 0-இல் இருக்கட்டும்.

இடது ஓரத்திலிருந்து எண்ணி வரும் மூன்றாவது சி தான் நடு சி. நம்மூர்க் கணக்கில் 1 கட்டை. டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7 கட்டை. கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு: சி ஷார்ப் 1½, எஃப் ஷார்ப் 4½ (ஷார்ப் என்றால் ஒரு கட்டை மேலே, ஃப்ளாட் என்றால் ஒரு கட்டை கீழே). இதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. 3½ என்றும் 7½ என்றும் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவிலோ பி-க்கும் சி-க்கும் நடுவிலோ கறுப்புக் கட்டை கிடையாது. இனி வரப்போகும் எல்லாமே இந்த இரண்டு இடங்களைச் சுற்றித்தான் நடக்கிறது.

படி 1: இடைவெளி

ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் சேர்த்து, உள்ள தூரம் ஒரு செமிடோன். 12 செமிடோன் ஒரு ஆக்டேவ். எண்ணும்போது கிளம்பும் கட்டையை 0 என்று வையுங்கள். அதையே 1 என்று எண்ணுவதால்தான் தொடக்கத்தில் பாதித் தவறுகள் வருகின்றன.

சி-யிலிருந்து:

- 2 செமிடோன்: மேஜர் செகண்ட் (ஸ–ரி2)
- 3: மைனர் தேர்ட் (ஸ–க2)
- 4: மேஜர் தேர்ட் (ஸ–க3)
- 5: பெர்ஃபெக்ட் ஃபோர்த் (ஸ–ம1)
- 6: டிரைட்டோன் (ஸ–ம2)
- 7: பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் (ஸ–ப)
- 9: மேஜர் சிக்ஸ்த் (ஸ–த2)
- 10, 11: மைனர் செவன்த், மேஜர் செவன்த் (ஸ–நி2, ஸ–நி3)

செமிடோன் எண்ணிக்கை மட்டும் இடைவெளிக்குப் பெயர் தராது. எழுத்துகளையும் எண்ண வேண்டும், இதில் மட்டும் கிளம்பும் எழுத்தையும் சேர்த்து. சி-யிலிருந்து மூன்று செமிடோன் தள்ளி இருக்கும் கறுப்புக் கட்டையை ஈ ஃப்ளாட் என்றால் சி, டி, ஈ என மூன்று எழுத்து, ஆகவே தேர்ட். அதே கட்டையை டி ஷார்ப் என்றால் இரண்டே எழுத்து, ஆகவே ஆக்மென்டட் செகண்ட். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தக் கட்டைதான் சாதாரண காந்தாரம், அதுவேதான் ஷட்ஸ்ருதி ரிஷபம். 12 இடங்களுக்கு 16 பெயர் வைத்தது எந்தக் காரணத்துக்காகவோ, இங்கும் அதே காரணம்: அந்தச் சுரம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும்.

படி 2: மூன்று சுரம் ஒன்றாவது எப்படி

ஒரு சுரம், அதன் மேல் ஒரு தேர்ட், அதன் மேல் இன்னொரு தேர்ட். அதுதான் டிரையட். தேர்டில் 3, 4 என இரண்டு வகை இருப்பதால் டிரையட் நாலு வகை.

4+3 மேஜர் (சி, ஈ, ஜி). 3+4 மைனர் (சி, ஈ ஃப்ளாட், ஜி). 3+3 டிமினிஷ்ட். 4+4 ஆக்மென்டட்.

அடியில் இருக்கும் சுரம் ரூட், நடுவில் தேர்ட், மேலே ஃபிஃப்த். மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுப்பது நடுச் சுரம் மட்டும்தான். அதை எடுத்துவிட்டு சி, ஜி இரண்டை மட்டும் அழுத்துங்கள். சந்தோஷமும் இல்லை, சோகமும் இல்லை, தம்புரா மாதிரி நிற்கும்.

ஏன் இந்த மூன்றும் இழைகின்றன? நடு சி 261.63 ஹெர்ட்ஸ், ஈ 329.63, ஜி 392.00. ஏறக்குறைய 4:5:6. ஆனால் ஏறக்குறையதான். சுத்தமான 5:4 கணக்கில் ஈ 327.03-இல் இருக்க வேண்டும். கீபோர்ட் அதைவிட 2.6 ஹெர்ட்ஸ் கூடுதல். சி-யின் ஐந்தாம் ஹார்மானிக் (அதன் ஐந்து மடங்கு அதிர்வில் கூடவே மெலிதாக ஒலிக்கும் ஓவர்டோன்) 1308 பக்கத்தில், ஈ-யின் நாலாம் ஹார்மானிக் 1318½ பக்கத்தில். இரண்டும் உரசி நொடிக்குப் பத்து தடவை போல ஒரு நடுக்கம் கிளம்பும். ஆர்கன் ஒலியில் சி-யையும் ஈ-யையும் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டால் காதுக்கே எட்டும். தம்புராவின் மந்த்ர ஸட்ஜத் தந்தியில் தானாக எழும் சுயம்பு காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்குக் கீபோர்டின் காந்தாரம் கொஞ்சம் தூக்கலாகப் படுவது இதனால்தான். காதில் தப்பில்லை. 12 ஸ்கேலிலும் வாசிக்க ஏதுவாக எல்லா செமிடோனையும் சமமாக வெட்டியதற்குக் கொடுத்த விலை அது.

படி 3: ஒரு ஸ்கேலில் ஏழு கார்ட்

சி மேஜர் ஸ்கேல் (சுர அளவில் நம் தீரசங்கராபரணம்) முழுக்க வெள்ளைக் கட்டை. ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒன்று விட்டு ஒன்றாக வெள்ளைக் கட்டைகளை அடுக்கினால் கிடைப்பவை:

1 சி மேஜர், 2 டி மைனர், 3 ஈ மைனர், 4 எஃப் மேஜர், 5 ஜி மேஜர், 6 ஏ மைனர், 7 பி டிமினிஷ்ட்.

இந்த வரிசை (மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், டிமினிஷ்ட்) எந்த மேஜர் ஸ்கேலுக்கும் மாறாது. அதனால்தான் வாத்தியக்காரர்கள் பெயரை விட்டுவிட்டு "ஒன், ஃபோர், ஃபைவ்" என்று எண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். நீங்களும் இன்றே அப்படிப் பழகுவது நல்லது.

எண்ணுக்கு ஏற்ற வேலை உண்டு. 1 வீடு. 6 வீட்டுத் திண்ணை மாதிரி, 1-உடன் இரண்டு சுரம் பொது. 4-உம் 2-உம் வெளியே கூட்டிப் போகும். 5-உம் 7-உம் திரும்பி வரச் சொல்லி இழுக்கும். 3 எந்தக் கட்சி என்று தெரியாமல் நிற்கும், அதைக் கடைசியில் பழகினால் போதும். 5-இலிருந்து 4-க்கு இறங்குவது செவ்வியல் பாடங்களில் தவிர்க்கப்படுவது. ப்ளூஸிலும் ராக்கிலும் தினசரி நடப்பது. சட்டம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், எந்த ஊர் வழக்கம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

படி 4: விரல்கள் நடக்கக் கற்பது

இங்கே நிதானமாக இருங்கள். ஒரு வாரம் இதிலேயே போனாலும் நஷ்டமில்லை.

சி, ஈ, ஜி என்பதை ஈ, ஜி, சி என்றோ ஜி, சி, ஈ என்றோ வைத்தாலும் கார்ட் சி மேஜர்தான். முதலாவது ரூட் பொசிஷன், அடுத்தவை ஃபர்ஸ்ட் இன்வெர்ஷன், செகண்ட் இன்வெர்ஷன். இவை மூன்றும் ஒரே கார்ட், ரூட் ஒன்றே என்பதைக் கோட்பாடாக நிலைநிறுத்தியவர் பிரான்ஸின் ழான் பிலிப் ராமோ, 1722-இல். ஒரு கவனம்: எந்த இன்வெர்ஷன் என்பதைத் தீர்மானிப்பது ஒலிக்கும் எல்லாவற்றிலும் அடியில் உள்ள சுரம். இடதுகை சி-யைப் பிடித்திருக்கும்போது வலதுகை எப்படிப் புரண்டாலும் கார்ட் ரூட் பொசிஷனில்தான் இருக்கிறது.

இப்போது 1–4–5–1. இடதுகையில் ஒற்றை விரல், நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே: சி, எஃப், ஜி, சி. எஃப்-உம் ஜி-யும் அந்தச் சி-க்கு மேலே உள்ளவை. வலதுகை:

1. சி, ஈ, ஜி
2. சி, எஃப், ஏ: சி நகராது, ஈ ஒரு செமிடோன் ஏறும், ஜி இரண்டு ஏறும்
3. பி, டி, ஜி: மூன்றும் இறங்கும், 1, 3, 2 செமிடோன்
4. சி, ஈ, ஜி: பி ஒன்று ஏறும், டி இரண்டு ஏறும், ஜி நகராது

மெட்ரோனோமை 60-இல் வைத்து ஒரு கார்டுக்கு நாலு தட்டு. நகராத விரலைக் கட்டையிலிருந்து தூக்கவே கூடாது. அதுதான் பயிற்சி.

கூட்டிப் பாருங்கள். மூன்று விரலும் சேர்ந்து நடந்த தூரம் 3 + 6 + 3, ஆக 12 செமிடோன். கையைத் தூக்கித் தூக்கி ரூட் பொசிஷனிலேயே வைத்திருந்தால் 15 + 6 + 21, ஆக 42. பஸ் தூக்கிப் போட்டது இந்த 30 செமிடோனில்தான்.

நடுவில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 4-இலிருந்து 5-க்குப் போகும்போது இரண்டு முறையிலும் 6 செமிடோன்தான். அப்படியானால் ஏன் எல்லா விரலையும் கீழே இறக்க வேண்டும்? எஃப், ஏ, சி-யை அப்படியே ஜி, பி, டி என்று ஏற்றினால் பேஸும் (இடதுகையின் அடிச்சுரம்) எஃப்-இலிருந்து ஜி-க்கு ஏறுகிறது. வலதுகையின் ரூட்டும் பேஸும் ஆக்டேவ் தூரத்திலேயே ஒட்டிப் போகும், மேல்சுரமும் பேஸும் ஃபிஃப்த் தூரத்திலேயே ஒட்டிப் போகும். பேரலல் ஆக்டேவ், பேரலல் ஃபிஃப்த் என்று வாத்தியார்கள் சிவப்பு மையில் சுழிப்பது இதைத்தான். இந்த இரண்டு இடைவெளியும் மிக நன்றாக இழைபவை. அதனால் இரண்டு குரல் (ஒவ்வொரு சுரமும் நடந்து போகும் தனி வழி) ஒன்றாகக் கரைந்து, நாலு பேர் பாடும் இடத்தில் மூன்று பேர் பாடுவது போலக் கேட்கும். பேஸ் ஏறும்போது மற்றவை இறங்கினால் ஒவ்வொரு குரலும் தனித்துத் தெரியும். டிஸ்டார்ஷன் கிடாரில் பேரலல் ஃபிஃப்த் தான் முழுச் சாப்பாடே. அங்கே ஒரே கனமான குரல்தான் வேண்டும் என்பதால் அது குற்றமில்லை.

இன்னும் சில கணக்கு. நாலு குரலுக்கு மூன்று சுரம் என்றால் ஒன்று இரட்டிக்க வேண்டும், ரூட்டை இரட்டியுங்கள். ஜி கார்டில் உள்ள பி-யை மட்டும் இரட்டிக்காதீர்கள், காரணம் அடுத்த படியில். மேல் மூன்று குரல்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே ஒரு ஆக்டேவுக்கு மேல் விடவேண்டாம். பேஸுக்கும் அதன் மேல் குரலுக்கும் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம். நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-க்கும் கீழே தேர்டுகளை அடுக்கினால் ஓவர்டோன்கள் நெருங்கி மோதிக் கொழகொழவென்று ஆகிவிடும். அங்கே ஒற்றைச் சுரமோ ஆக்டேவோ போதும்.

படி 5: ஜி செவன்த் ஏன் இழுக்கிறது

ஜி, பி, டி-யின் மேல் இன்னொரு தேர்ட் வைத்தால் எஃப். அது ஜி செவன்த், அதாவது டாமினன்ட் செவன்த். இதில் பி-யையும் எஃப்-ஐயும் மட்டும் அழுத்துங்கள். 6 செமிடோன், டிரைட்டோன். படி 1 தொடங்கும் முன் சொன்ன அந்த இரண்டு இடங்கள் இவைதான்: பி-க்கு அடுத்த கட்டை சி, எஃப்-க்கு முந்தைய கட்டை ஈ. நி3 ஸ-வுக்கு ஏறத் துடிக்கிறது, ம1 க-வுக்கு இறங்கத் துடிக்கிறது. இரண்டும் ஒரே செமிடோனில் வீட்டுக்கு வந்துவிடும். பி-யை இரட்டித்தால் இரண்டு குரலும் சி-க்கே ஓடும், பேரலல் ஆக்டேவ் ஆகிவிடும். ஒன்றை வேறு பக்கம் அனுப்பினால் அது முடியாத வாக்கியம் போலத் தொங்கும்.

வாசிக்க எளிய வழி: டி-யை விட்டுவிடுங்கள். இடதுகை ஜி, வலதுகை எஃப், ஜி, பி. அடுத்து இடதுகை சி, வலதுகை ஈ, ஜி, சி. எஃப் இறங்கியது, ஜி நின்றது, பி ஏறியது. டி இல்லாதது யாருக்கும் தெரியாது. ஃபிஃப்த் இல்லாவிட்டால் கார்ட் பிழைத்துக்கொள்ளும், தேர்ட் இல்லாவிட்டால் பிழைக்காது.

படி 6: வாக்கியம் முடியும் இடம்

கார்டுகள் முடியும் விதத்துக்குக் கேடன்ஸ் என்று பெயர். 5–1 முற்றுப்புள்ளி. இரண்டும் ரூட் பொசிஷனில் இருந்து மேல் குரல் ஸ-வில் நின்றால் அழுத்தமான முற்றுப்புள்ளி. எதிலிருந்தாவது வந்து 5-இல் நின்றுவிட்டால் காற்புள்ளி, ஹாஃப் கேடன்ஸ். 4–1 பிளேகல்: தேவாலயத்தில் கீதம் முடிந்ததும் குழு பாடும் "ஆமென்" அது.

5–6 ஏமாற்று. சி வரும் என்று காத்திருந்தால் ஏ மைனர் வரும். இதில் பேஸ் ஜி-யிலிருந்து ஏ-க்கு ஒரே படி ஏறுவதால் பேரலல் ஃபிஃப்த் வந்து ஒட்டிக்கொள்ளும். தப்பிக்க: பி மட்டும் சி-க்கு ஏறட்டும், டி சி-க்கு இறங்கட்டும், ஜி ஈ-க்கு இறங்கட்டும். ஏ மைனரில் தேர்டான சி இரட்டிக்கும். இங்கே அது தப்பில்லை.

படி 7: மைனர் ஸ்கேலில் ஒரு கறுப்புக் கட்டை

ஏ-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளையே வாசித்தால் நேச்சுரல் மைனர், நம் நடபைரவி. அதில் 5-ஆவது கார்ட் ஈ மைனர் (ஈ, ஜி, பி). ஜி-யிலிருந்து ஏ-க்கு இரண்டு செமிடோன். அந்த இழுப்பு இல்லை. ஜி-யை ஜி ஷார்ப் ஆக்கினால் ஈ மேஜர் கிடைக்கும், இழுப்பும் கிடைக்கும். ஸ்கேல் ஹார்மானிக் மைனர் ஆகிவிடும், அதாவது கீரவாணி. பெயரிலேயே ஹார்மனி இருப்பது சும்மா இல்லை. மெட்டு பாடும்போது எஃப்-இலிருந்து ஜி ஷார்ப் வரை 3 செமிடோன் தாண்டுவது மேற்கத்திய காதுக்குக் கரடுமுரடு. அதனால் ஏறும்போது எஃப்-ஐயும் ஷார்ப் ஆக்கி மெலோடிக் மைனர் ஆக்கினார்கள், அது கௌரிமனோகரி. நமக்கு அந்தத் தாண்டல் பழகினதுதான், கீரவாணி பாடுகிறவர்கள் அதற்காகத் திணறுவதில்லை.

படி 8: ஒரு மெட்டுக்குக் கார்ட் போடுவது

நாலு பார், பாருக்கு நாலு தட்டு. ஒரு சுரம் ஒரு தட்டு, காற்புள்ளி நீட்டல்.

க ம ப க | த ப ம , | ரி க ரி நி | ஸ , , ,

(மூன்றாம் பாரின் நி கீழ் ஸ்தாயி.)

முதலில் ஒவ்வொரு பாரிலும் 1, 3-ஆம் தட்டுகளைக் குறியுங்கள். காது கார்டைத் தேடுவது அங்கேதான்.

முதல் பாரில் க, ப. இரண்டும் உள்ளவை சி மேஜரும் ஈ மைனரும். தொடக்கம் என்பதால் சி. நடுவில் வரும் ம கார்டில் இல்லை, பரவாயில்லை. க-விலிருந்து ப-வுக்குப் போகிற வழியில் மிதித்த படி, அதற்கு பாஸிங் நோட் என்று பெயர். எல்லாச் சுரத்துக்கும் ஒரு கார்ட் மாற்றுவதுதான் புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய தப்பு. க-வுக்கு ஒன்று, ம-வுக்கு ஒன்று என்று போட்டால் மெட்டுக்கு மூச்சு முட்டும்.

இரண்டாம் பாரில் த, ம. எஃப் மேஜரிலும் இரண்டும் உண்டு, டி மைனரிலும் உண்டு. எஃப் போட்டால் பேஸ் ஒரு படி ஏறி ஜி-க்குப் போகும், வெளிச்சமாக இருக்கும். டி மைனர் போட்டால் பேஸ் டி-யிலிருந்து ஜி-க்கு ஃபோர்த் தாவும், கொஞ்சம் நிழல் விழும். வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த மெட்டுக்கு எஃப் பொருத்தம். ம-வில் இரண்டு தட்டு நிற்பதால் அதுவே பேஸிலும் வருவது தெளிவு.

மூன்றாம் பாரில் ரி, ரி. டி மைனர், ஜி மேஜர், பி டிமினிஷ்ட் மூன்றுக்கும் இடமுண்டு. கடைசிச் சுரம் நி, அடுத்தது ஸ. ஆகவே ஜி. நடுவில் ரி-யை விட்டு எட்டிப் பார்த்துத் திரும்பும் க, நெய்பர் நோட்.

கடைசி பாரில் சி. பாட்டை இன்னொரு தடவை சுற்ற வேண்டுமானால் முதல் சுற்றில் சி-க்குப் பதில் ஏ மைனர் போடுங்கள். ஸ அதிலும் இருக்கிறது, மெட்டு மாறாது, முடிவு மட்டும் தள்ளிப்போகும்.

அடுத்து மெட்டையும் பேஸையும் மட்டும் தனியாக வாசியுங்கள். இந்த இரண்டு குரலும் நன்றாக இருந்தால் நடுவில் சின்னத் தப்பு இருந்தாலும் மறைந்துவிடும். இவை சரியில்லாவிட்டால் நடுவில் எவ்வளவு அலங்காரம் செய்தும் பயனில்லை.

ராகத்துக்குப் போடும்போது

ஸ்கேல் ஒத்துப்போவதால் ராகமும் ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம். மோகனத்தில் ஸ ரி க ப த மட்டும். அந்த ஐந்துக்குள் முழு டிரையட் இரண்டே இரண்டு: ஸ க ப (1), த ஸ க (6). 4-ஆவது கார்ட் போட்டால் ம வந்து நுழையும், 5 போட்டால் நி நுழையும். கார்டில் நுழைந்தாலும் காதில் விழத்தானே செய்யும். ராகம் கெடாமல் இருக்க ஸ ரி ப, ரி ப த போன்ற சஸ் கார்டுகளைப் (தேர்டுக்குப் பதில் செகண்டோ ஃபோர்த்தோ வைத்தவை) போடலாம்; எல்லாச் சுரமும் மோகனத்துக்குள்ளேயே இருக்கும். ஹம்சத்வனியில் நிலைமை மேல். ஸ க ப, க ப நி, ப நி ரி என்று மூன்று டிரையட், அதில் 5–1 இழுப்பும் உண்டு.

கமகத்தோடு ஆடும் சுரத்தின் கீழே அதே சுரத்தைக் கார்டில் அசையாமல் பிடித்தால் மோதும். குரல் ஆடுகிறது, கீபோர்ட் ஆடாது. அந்த இடத்தில் தேர்டை விட்டுவிட்டு ஸ, ப மட்டும் பிடியுங்கள்.

கட்டை மாறினால்

பாடுபவர் 5 கட்டை என்றால் 1–4–5 என்பது ஜி, சி, டி. படி 4-இன் நடை அப்படியே:

ஜி, பி, டி → ஜி, சி, ஈ → எஃப் ஷார்ப், ஏ, டி → ஜி, பி, டி

இடதுகை ஜி, சி, டி, ஜி. புதிதாக வருவது ஒரே கறுப்புக் கட்டை, மூன்றாவது கார்டில் கட்டைவிரலின் கீழ். அங்கே எஃப்-ஐ வெள்ளையாக அழுத்திவிட்டால் டி மேஜர் டி மைனர் ஆகி, ஜி-க்குத் திரும்பும் இழுப்பு காணாமல் போகும். பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். 4 கட்டைக்கு எஃப், பி ஃப்ளாட், சி. 2 கட்டைக்கு டி, ஜி, ஏ. இந்த மூன்றும் கைக்கு வந்தபின் 4½, 1½ கட்டைப் பாடகர்களிடம் போகலாம். அதுவரை அவர்களுக்கு மட்டும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தொடுங்கள், வாசித்து முடித்ததும் மறக்காமல் 0-க்குத் திருப்பி வையுங்கள்.